திருப்பிக் கொடுப்பதா?

வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுப்பது வாணிகத்தில் இயல்பானதொன்று. துணி சாயம் போனால் கடைக்காரரிடம் கொண்டு செல்கிறோம். பாத்திரம் ஒழுகினால் மாற்றித் தரும்படி கேட்கிறோம். சந்தையில் மாடு பிடிக்கும்போது பல்லைப் பார்க்கிறோம், சுழியைப் பார்க்கிறோம், நடக்கவிட்டும் பார்க்கிறோம். அத்தனையும் பார்த்த பின்னரும் மறைந்திருந்த குறையொன்று வெளிப்பட்டால், விற்றவரைத் தேடிச் செல்வதில் தவறேதும் இல்லை என்று ஊரும் சொல்லும்; மார்க்கமும் சொல்லும். ஆனால், திருப்பிக் கொடுக்கப்படும் பொருளுக்குப் பசியும் அச்சமும் உண்டு என்றால், அப்போதும் கணக்கு அவ்வளவு எளிதாக முடிந்துவிடுமா?

ஒரு நாய்க்குட்டியின் பொருட்டு இக்கேள்வி நம் இல்லத்தினுள் நுழைந்தது. பத்து நாட்கள் நம்மை உறங்கவிடாமல் செய்தது. முஸ்லிம் இல்லம் ஒன்றில் நாயைப் பற்றி இத்தனை பேச்சா என்று வாசகர்களில் சிலர் வியக்கக்கூடும். ஆதலின், அது நம்மிடம் வந்த காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறோம்.

நாம் வாழ்வது கள்ளக்குறிச்சி நகரில். விழுப்புரத்தோடு இணைந்திருந்து, 2019 நவம்பர் 26 முதல் தனி மாவட்டத்தின் தலைநகரான ஊர் இது. மேற்கே திரும்பினால் கல்வராயன் மலைத்தொடர் தெரியும். அம்மலையிலிருந்து இறங்கிவரும் கோமுகி ஆற்றை அடிவாரத்தில் கச்சிராயபாளையத்தின் அருகே அணைகட்டித் தேக்கியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தில்தான் நம் பாட்டனார் காலத்து நிலம் கொஞ்சம் இருக்கிறது. ஒரு பகுதியில் கரும்பு. எஞ்சியதில் மரவள்ளியும் மணிலாவும். கிழங்கு மண்ணுக்கடியில் பருக்கத் தொடங்கியதும் காட்டுப்பன்றிகள் வந்துவிடும். ஓரிரவில் அவை உழுதுவிட்டுப் போகும் நிலத்தைக் காலையில் பார்க்கும் உழவனின் வயிறு எரியும்.

பன்றியைத் தடுக்கச் சிலர் கள்ளத்தனமாக மின்வேலி இடுகின்றனர். அவ்வேலியில் சிக்கி மனிதர்கள் மாண்ட செய்திகளை ஆண்டுதோறும் நாளிதழ்களில் படிக்கிறோம். அப்பாவத்தின் நிழல்கூட நம் நிலத்தில் விழலாகாது என்பது நம் அத்தா அவர்கள் வைத்துச் சென்ற கட்டளை. அதனால்தான் நாய் ஒன்று வாங்குவதென்று முடிவாயிற்று.

வீட்டுக்குள் வைத்துக் கொஞ்சுவதற்காக நாய் வளர்ப்பதை நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பவில்லை. அங்ஙனம் வளர்ப்போரின் நற்கூலி நாள்தோறும் குறையும் என எச்சரித்தார்கள். எனினும் மந்தை காக்கவும், வேட்டைக்கும், பயிர்க் காவலுக்கும் வளர்ப்பதற்கு அவ்வெச்சரிக்கையிலிருந்து விலக்களித்தார்கள். வேட்டைக்குப் பழக்கிய நாய் பிடித்துத் தரும் இரையை உண்ண அனுமதிக்கும் வசனம் அல்மாயிதா அத்தியாயத்தில் இருக்கிறது. எனவே, நிலத்துக் காவலுக்கு நிலத்திலேயே வாழும் நாய் என்பதில் நமக்கு மார்க்கத் தடை ஏதும் இல்லை.

தமிழகத்துக்கெனச் சில நாயினங்கள் உண்டு. இராசபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி என்பன அவற்றுள் பெயர் பெற்றவை. 2005ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை நம் நாட்டு நாயினங்கள் நான்கிற்கு அஞ்சல்தலை வெளியிட்டபோது, அவற்றுள் ஒன்றாக இராசபாளையமும் இடம்பெற்றது. காட்டுப்பன்றி வேட்டைக்குப் பேர்போன இனம் அது. பால் போன்ற வெண்மை, இளஞ்சிவப்பு மூக்கு, ஒட்டிய வயிறு, நீண்ட கால்கள். நமக்கு வேண்டியதும் பன்றியை விரட்டும் நாய்தானே! 300 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, அவ்வினத்தை வளர்த்து விற்கும் ஒருவரிடம் 12,000 ரூபாய் கொடுத்து, இரண்டரை மாத ஆண்குட்டி ஒன்றை வாங்கி வந்தோம். தாயையும் பார்த்தோம், தந்தையையும் பார்த்தோம், ஊசி போட்ட சீட்டையும் பெற்றுக்கொண்டோம். கூடப் பிறந்த குட்டிகளோடு அதுவும் ஓடியது. அவை திரும்பினால் திரும்பியது. அவை குரைத்தால் குரைத்தது.

நிலத்தைப் பார்த்துக்கொள்பவர் கல்வராயன் மலையைச் சேர்ந்த மலையாளிப் பழங்குடிப் பெரியவர். ஊர் வழக்கப்படி அவரைக் கவுண்டர் என்றே அழைப்போம். நான்காம் நாள் அவர் நம்மிடம் மெல்லச் சொன்னார்:

“பாய், இந்தக் குட்டிக்குக் காது கேட்கலைன்னு நினைக்கிறேன். மோட்டார் போட்டாலும் எழுந்திருக்க மாட்டேங்குது.”

நாம் நம்பவில்லை. அதன் பின்னால் நின்று கை தட்டினோம். தட்டை விழச்செய்தோம். அது திரும்பவில்லை. தரையில் காலை உதைத்தால் மட்டும் திடுக்கிட்டு நோக்கியது. கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றோம். அவர் செவித்துளைகளைச் சோதித்தார்; அழுக்கோ சீழோ இல்லை. இரு செவிகளுமே பிறவியிலேயே கேளாதவை என்று தோன்றுகிறது, மருந்தினால் தீராது என்றார்.

இதன் காரணத்தை அவர் விளக்கியபோதுதான், அழகென்று நாம் எண்ணிய வெண்மைக்கும் செவிக்கும் உள்ள உறவு விளங்கிற்று. தோலுக்கும் மயிருக்கும் நிறம் தரும் நிறமிச் செல்கள் தோலில் மட்டும் இருப்பவை அல்ல. உட்செவியில் நத்தைக்கூடு போல் சுருண்ட உறுப்பொன்று உண்டு. அதன் சுவரிலும் அச்செல்கள் இருந்தாக வேண்டும். இல்லையேல் அங்குள்ள நுண்ணிய இரத்த நாளங்கள் பிறந்த சில வாரங்களிலேயே நலிந்துபோகும். ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்களும் அழியும். நிறமிச் செல்களை மிகவும் குறைத்துவிடும் மரபுக் கூறுகள் இருக்கும் வெள்ளை இனங்களில் இது நேர்கிறது. நீலக்கண் வெள்ளைப் பூனைகளிடம் காணும் செவிட்டுத்தன்மையை 1859இல் வெளிவந்த நூலிலேயே டார்வின் குறிப்பிட்டிருக்கிறார். வெள்ளைத் தோலில் கரும்புள்ளிகள் உடைய டால்மேஷியன் நாய்களை அமெரிக்காவில் சோதித்தபோது, நூற்றுக்கு ஏறத்தாழ 8 நாய்களுக்கு இரு செவிகளும், 22 நாய்களுக்கு ஒரு செவியும் கேட்கவில்லை எனக் கண்டார்கள். ஒரு செவி மட்டும் கேளாத நாயைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க இயலாது. தலையில் மின்முனை பொருத்தி, ஒலிக்கு மூளைத்தண்டு காட்டும் மறுவினையை அளக்கும் கருவி வேண்டும். அத்தகைய நாயையும் நலமுள்ளது என்று எண்ணி இணை சேர்ப்பார்கள். குறை அடுத்த தலைமுறைக்குப் போகும்.

ஆக, குறை இருப்பது உறுதியாயிற்று. இனி என்ன செய்வது?

நம் இல்லத்தில் இரண்டு கட்சிகள் தோன்றின. “வாங்கின பொருளில் குறை இருந்தால் திருப்பித் தருவது ஹலால்தானே? காவலுக்கு என்று கேட்டு வாங்கினோம். காது கேளாதது எப்படிக் காவல் காக்கும்?” என்றார் நம் அன்னையார். நம் மூத்த சகோதரர் மேலும் ஒரு படி சென்றார். கேளாத நாய் உறங்கும்போது யாராவது தொட்டால் அஞ்சிக் கடித்துவிடும். நிலத்துக்குப் பிள்ளைகள் போய்வருகிறார்கள். நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்று கேட்டார். அக்கேள்வியில் நியாயம் இருந்தது. மறுபக்கம் நம் மகள். பள்ளி இறுதி வகுப்பில் படிப்பவள். “அத்தா, திருப்பிக் கொடுத்தால் அதற்கு என்ன ஆகும்?” என்பதைத் தவிர அவள் வேறொன்றும் பேசவில்லை. அதற்கு நம்மிடம் விடை இல்லை.

ஹஜ்ரத் அவர்களிடம் சென்றோம். நகைப்பாரோ என்று தயங்கினோம், அவர் நகைக்கவில்லை. கேள்வியை முழுமையாகக் கேட்டுவிட்டு, பிக்ஹு நூல்களில் இதற்கெனவே ஒரு பகுதி உண்டு என்றார். விற்பனையின்போது மறைந்திருந்த குறை பின்னர் வெளிப்பட்டால், வாங்கியவருக்கு விருப்பவுரிமை உண்டு. பால் மிகுதி போல் தோன்றுவதற்காக மடியைக் கட்டிவைத்து விற்கப்பட்ட ஆட்டை வாங்கியவர், மூன்று நாட்களுக்குள் விரும்பினால் வைத்துக்கொள்ளலாம், இல்லையேல் கறந்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாவு பேரீச்சம்பழத்தோடு திருப்பித் தரலாம் என்ற நபிமொழி அவ்வுரிமைக்கு ஒரு சான்று. நாயின் விலை குறித்து இமாம்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. ஷாபி மத்ஹபில் நாய் விற்பனையே செல்லாது. நாம் பின்பற்றும் ஹனபி மத்ஹபில், பயன் தரும் நாயை விற்கவும் வாங்கவும் இடமுண்டு.

“ஆனால் இரண்டு செய்திகளை நினைவில் வையுங்கள்” என்றார் அவர். “குறை தெரிந்த பின்னும் ஏற்றுக்கொண்டவரைப் போல் நடந்துகொண்டால், திருப்பித் தரும் உரிமை போய்விடும். ஆகையால் காலம் கடத்தாதீர்கள். மற்றொன்று, நம் மத்ஹபில் இரண்டே வழிதான். முழு விலைக்கு வைத்துக்கொள்ளலாம், அல்லது திருப்பிக் கொடுத்து முழு விலையைப் பெறலாம். நாயையும் வைத்துக்கொண்டு, குறைக்காகப் பணத்தையும் பிடித்துக்கொள்ள, விற்றவர் மனமுவந்து சம்மதித்தாலன்றி உரிமையில்லை.”

விடைபெறும்போது, ஹிஜ்ரி 660இல், அஃதாவது 1262இல், மறைந்த இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ்ஸலாம் (ரஹ்) அவர்களைப் பற்றியும் ஹஜ்ரத் சொன்னார். டமாஸ்கஸிலும் கெய்ரோவிலும் வாழ்ந்த அப்பேரறிஞர், மனிதர்மீது விலங்குகளுக்குள்ள உரிமைகளை வரிசையாக எழுதிவைத்திருக்கிறார். மூப்பினாலோ நோயினாலோ பயன்படாத நிலையை எய்திய விலங்குக்கும் உணவளித்துப் பேணுவது உடையவனின் கடமை என்பது அவற்றுள் ஒன்று. நமக்கு அது புதிய செய்தி. விலங்கு உழைக்கும் வரைக்கும்தான் அதற்குச் சோறு என்பது உலக வழக்கு. அவ்வழக்கை ஏழரை நூற்றாண்டுகளுக்கு முன்னரே ஒரு சட்ட அறிஞர் மறுத்திருக்கிறார்.

உரிமை நம்முடையதே என்பது தெளிவாயிற்று. அவ்வுரிமையைக் கையாள்வது முறையா என்பதுதான் தெளிவாகவில்லை. மறுநாள் விற்றவரைத் தொலைபேசியில் அழைத்தோம். அவர் வம்பு பேசவில்லை. “கொண்டு வாங்க பாய். பணத்தைத் திருப்பித் தந்துடுறேன். இல்லே, அடுத்த ஈத்துல நல்ல குட்டியா எடுத்துக்குங்க” என்றார். நியாயமான மனிதர் என்று நமக்கு ஆறுதல் ஏற்பட்டது. பிறகு மகளின் கேள்வியை அவரிடம் கேட்டோம். சற்று நேரம் மறுமுனையில் பேச்சில்லை. “அதை நான் பாத்துக்கிறேன்” என்றார்.

பார்த்துக்கொள்வதென்றால் என்ன? நாம் விடவில்லை. அப்போது அவர் மனந்திறந்து பேசினார். கேளாத குட்டியைத் தெரிந்து எவரும் வாங்கமாட்டார்கள். வாங்காத குட்டிக்கு ஆண்டுக்கணக்கில் சோறு போட்டால் தொழில் நடக்காது. இத்தொழிலில் சிலர் சொல்லாமல் விற்றுவிடுகிறார்கள். சிலர் ஊருக்கு வெளியே விட்டுவிடுகிறார்கள். சிலர் ஊசி போட்டு முடித்துவிடுகிறார்கள். தாம் இன்னும் முடிவு செய்யவில்லை என்றார். அவரைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலேயே டால்மேஷியன் வளர்ப்போர் சங்கம், இரு செவியும் கேளாத குட்டிகளை வலியின்றி முடித்துவிடுவதே நன்று என்று ஒருகாலத்தில் பரிந்துரைத்ததுண்டு. விற்றுப் பிழைக்கும் எளிய மனிதரிடம் நாம் எதை எதிர்பார்ப்பது?

அவர் சொன்ன மூன்று வழிகளையும் எண்ணிப் பார்த்தோம். சொல்லாமல் விற்பது மோசடி. தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே மறைந்திருந்த ஈரத்தைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், ஏமாற்றுபவனைத் தம்மைச் சார்ந்தவனல்லன் என்று விலக்கியதை நாமறிவோம். நாம் திருப்பிக் கொடுத்த குட்டி அங்ஙனம் இன்னொருவர் வீட்டுக்குப் போனால், மோசடியை நாம் செய்யவில்லையாயினும், அதற்கு வழிதிறந்தவர் ஆவோம். வெளியே விடுவது மெல்லக் கொல்வது. வண்டியின் ஒலி கேளாத நாய்க்குச் சாலையில் எத்தனை நாள் வாழ்வு? மூன்றாவது வழிக்கு விளக்கம் வேண்டா. தாகத்தால் ஈரமண்ணை நக்கிய நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தம் காலணியில் நீர் முகந்து வந்து புகட்டிய ஒருவரின் பாவம் மன்னிக்கப்பட்டது என்றும், பூனையை அடைத்துவைத்துப் பட்டினியால் சாகவிட்ட பெண் தண்டனைக்குள்ளானாள் என்றும் பிள்ளைகளுக்கு நாமே எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்! அவ்விரு வரலாறுகளிலும் விலங்கின் விலையைப் பற்றிய பேச்சே இல்லை.

இருந்தும் முடிவெடுக்க முடியவில்லை. சகோதரர் எழுப்பிய கேள்வி அப்படியே நின்றது. இரக்கத்தால் மட்டும் காவல் நடக்காது. கடிபட்ட பிள்ளைக்கு இரக்கம் மருந்தாகாது. அன்று மாலை நிலத்துக்குப் போனபோது கவுண்டரிடம் எல்லாவற்றையும் சொன்னோம். அவர் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

“காது இல்லாட்டி என்ன பாய், மூக்கு இருக்குதே? பன்னி வர்றதை நாய் காதால மட்டுமா கண்டுபிடிக்குது? எங்க நாய் ஒண்ணை இதோட விடுறேன். அது எழுந்தா இதுவும் எழுந்திருக்கும்” என்றார்.

பிறகு அவர் தம் குடும்பத்தைப் பற்றிப் பேசினார். கல்வராயன் மலை நெடுங்காலம் மூன்று ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது. 1976இல்தான் அரசு அவ்வாட்சியைத் தன்வசம் எடுத்துக்கொண்டது. அதுவரை மலைமக்கள் ஜாகீர்தார்களின் நிலத்தில் கூலியின்றி உழைத்தார்கள். தம் தகப்பனாரும் அவ்விதம் உழைத்தவர் என்றார் கவுண்டர். “வேலை செய்ய முடியாதவனுக்கு அங்கே மதிப்பு இல்லை பாய். அதைப் பாத்து வளர்ந்தவன் நான்” என்று முடித்துக்கொண்டார். நாயைப் பற்றி அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் தேவை இருக்கவில்லை.

வீடு திரும்பியதும் கஹ்ஃபு அத்தியாயத்தை ஓதினோம். வெள்ளிதோறும் ஓதுவதுதான்; ஆயினும் அன்று வேறொரு பொருள் புலப்பட்டது. குகைக்குள் புகுந்த இளைஞர்களின் செவிகளை அடைத்து இறைவன் அவர்களை ஆண்டாண்டுக் காலம் உறங்கவைத்தான். அவர்களுடைய நாயோ முன்னங்கால்களை நீட்டி வாயிற்புறத்தில் கிடந்தது. அது குரைத்ததாகவோ எவரையும் விரட்டியதாகவோ அங்கே குறிப்பில்லை. வாயிலில் கிடந்தது, அவ்வளவே. இறைமறையில் இடம்பெற அதற்கு அதுவே போதுமானதாயிற்று.

மறுநாள் நம் முடிவைச் சொன்னோம். குட்டி நம்மிடமே இருக்கும். விலையில் குறைக்கும்படி கேட்பதில்லை. ஆனால் விற்றவரிடம் செய்தியை மறைப்பதும் இல்லை; அந்தத் தாயையும் தந்தையையும் மீண்டும் இணை சேர்க்க வேண்டாம் என்று அவரைக் கேட்டுக்கொள்வோம். அன்னையார் ஒரு நிபந்தனை விதித்தார்: நிலத்தைவிட்டு அது வீட்டுக்கு வரலாகாது, அதற்கென வைத்த தட்டு வேறெதனோடும் சேரலாகாது. சகோதரரும் ஒரு நிபந்தனை விதித்தார்: பிள்ளைகள் தனியாக அதன் அருகில் செல்லலாகாது. இரண்டையும் ஏற்றுக்கொண்டோம். இரண்டும் இன்றுவரை நடைமுறையில் இருக்கின்றன.

கேளாத நாயைப் பழக்கும் முறையை மருத்துவர் சொல்லித் தந்தார். குரலுக்குப் பதில் கை. உள்ளங்கையைக் காட்டினால் நில். கையைத் தன் பக்கம் இழுத்தால் வா. இரு கைகளையும் அசைத்தால் நன்று. சொன்னதைச் செய்த உடனே உணவுத் துணுக்கு ஒன்று. இரவில் அழைக்க வேண்டுமென்றால் டார்ச் விளக்கை இரண்டு முறை மின்னச் செய்ய வேண்டும். உறங்கும்போது ஒருபோதும் திடீரெனத் தொடலாகாது. மூக்கின் அருகே கையை நீட்டி மணம் உணரச் செய்து, தானே விழிக்கும் வரை காத்திருக்க வேண்டும். நாள்தோறும் இதைச் செய்தால் தொடுதலைக் கண்டு அஞ்சும் இயல்பு குறையும். எக்காரணத்தைக் கொண்டும் கட்டின்றிச் சாலைக்கு விடலாகாது. கவுண்டரும் நம் மகளும் மூன்று மாதங்களில் இவற்றைப் பழக்கினார்கள். அன்னையார் அதற்குச் சோறு வடித்துக் கொடுத்தனுப்பத் தொடங்கியதை நாம் கண்டும் காணாததுபோல் இருந்தோம்.

இம்முடிவு இலவசமாகக் கிடைத்தது என்று எவரும் எண்ண வேண்டா. நிலத்தைச் சுற்றிக் கம்பிவலை அடிக்க வேண்டியதாயிற்று. நாய் வளர்ந்து பழகும்வரை காவல் இல்லாததால், அவ்வாண்டு மரவள்ளியில் ஒரு பகுதி பன்றிக்கே போயிற்று. இன்றும் அது தனித்துக் காவல் காப்பதில்லை. மலைநாய் செவியை நிமிர்த்தும்; இது அதன் முகத்தைப் பார்க்கும்; இரண்டும் சேர்ந்து ஓடும். காற்று மலைப்பக்கமிருந்து வீசும் இரவுகளில் மட்டும் வெள்ளை நாய் முந்திக்கொள்கிறது என்கிறார் கவுண்டர். அதற்கு இப்போது இரண்டு வயது. விற்றவர் ஓராண்டு கழித்துத் தாமாகவே அழைத்தார். அவ்விணைக்கு முந்தைய ஈற்றிலும் இப்படி ஒரு குட்டி பிறந்ததை நினைவுகூர்ந்ததாகவும், அதன்பின் அவற்றைச் சேர்க்கவில்லை என்றும் சொன்னார். சத்தமின்றித் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெற்று வந்திருந்தால், அச்செய்தி அவர் மனத்தில் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்குமா என்பது ஐயமே.

இவ்வளவும் கூறியதால், நாயைத் திருப்பிக் கொடுப்பது எப்போதும் தவறு என்று நாம் சொல்வதாகக் கொள்ளலாகாது. வீட்டில் ஒருவருக்கு நாயின் மயிர் பட்டால் மூச்சுத் திணறல் வருகிறது, பராமரித்தவர் நோயுற்றுவிட்டார், நாயின் குணம் சிறு பிள்ளைகள் உள்ள இடத்துக்கு ஒவ்வவில்லை. இத்தகைய நிலைகளில், இடமும் மனமும் உடைய வளர்ப்பாளரிடம் திருப்பிச் சேர்ப்பதே அவ்வுயிருக்கும் நல்லது. அறியாதவர் கையில் தள்ளிவிடுவதைக் காட்டிலும், அதன் தாயை அறிந்தவரிடம் ஒப்படைப்பது மேல். நல்ல வளர்ப்பாளர்கள், “என்றைக்கு முடியாமற் போனாலும் என்னிடமே கொண்டுவாருங்கள்” என்று வாங்கும்போதே சொல்லி அனுப்புவதும் உண்டு. அப்படிச் சொல்பவரா என்பதை முன்னரே கேட்டறிவது வாங்குபவருக்கு நன்று. 2017ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளின்படி, நாய் வளர்த்து விற்போர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 8 வாரம் நிரம்பாத குட்டியை விற்கலாகாது. பெண்நாயை 18 மாதத்துக்கு முன் இணை சேர்க்கலாகாது. ஆண்டுக்கு ஒரு ஈற்றுக்கும், வாழ்நாளில் 5 ஈற்றுக்கும் மேல் ஆகாது. பதிவுச் சீட்டைக் காட்டுமாறு கேட்பதில் வெட்கம் வேண்டா.

எந்நிலையிலும் செய்யக்கூடாதது ஒன்று உண்டு. மலைச்சாலையின் வளைவிலோ, அணைக்கரையிலோ இறக்கிவிட்டு, “பிழைத்துக்கொள்ளும்” என்று சொல்லிவிட்டு வருவதுதான் அது. வீட்டுச் சோற்றில் வளர்ந்த நாய் காட்டில் பிழைக்காது. பிழைத்தால் காட்டுயிர்களைத் துரத்தும், அல்லது தெருநாய்க் கூட்டத்தோடு சேரும். தெருநாய்களைப் பற்றி நாட்டின் உச்சநீதிமன்றமே 2025 ஆகஸ்டு மாதத்தில் ஒருமுறை ஆணையிட்டு, பதினோராம் நாள் அதைத் திருத்தி ஆணையிட வேண்டியிருந்தது. அத்தனை பெரிய சிக்கலுக்குள் நம் வீட்டு நாயையும் கொண்டுபோய்ச் சேர்ப்பது அறமாகாது. தக்க காரணமின்றி, பசியாலும் தாகத்தாலும் துன்புறும் நிலையில் விலங்கைக் கைவிடுவதை 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் குற்றம் என்றே சொல்கிறது. முதற்குற்றத்துக்கு அது விதித்த தண்டம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். இறைவனிடத்தில் கணக்கு அவ்வளவு மலிவாக முடியும் என்று நமக்குத் தோன்றவில்லை.

விற்றவருக்கு உரிமை உண்டு. வாங்கியவருக்கு உரிமை உண்டு. இருவருக்குமிடையே வாயில்லாமல் நிற்கும் உயிருக்கும் உரிமை உண்டு. முதலிரண்டைப் பேச ஊரில் பஞ்சாயத்து இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது. மூன்றாவதைப் பேச அவ்வீட்டார்தாம் இருக்கிறார்கள். ஆகவே, திருப்பிக் கொடுப்பதா என்று எண்ணும் குடும்பத்தார், பணம் திரும்ப வருமா என்று கேட்பதற்கு முன்னால், இது இங்கிருந்து போனால் இன்றிரவு எங்கே படுக்கும், யார் உணவு வைப்பார் என்று கேட்டுப் பார்க்கட்டும். அதற்கு நேரான விடை கிடைத்தால் திருப்பிக் கொடுக்கலாம். “நான் பார்த்துக்கொள்கிறேன்” என்பது மட்டுமே விடையாக வந்தால், இன்னும் ஒருமுறை கேட்பது நம் கடமை.

நம் பொறுப்பில் விடப்பட்ட உயிர்களின் விஷயத்தில் நேர்மையாக நடக்கும் பேற்றினை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக!